அதே மேகம்

ரோபோ பொம்மை செய்கிறவர்களிடம் ஒரு பித்தலாட்டம் உண்டு. ஒரே அச்சில் உடம்பை வார்த்து, ஒன்றுக்குச் சிவப்பும் இன்னொன்றுக்குப் பச்சையும் அடித்து, தலையில் ஒரு கொம்பைக் கூட்டியோ குறைத்தோ, புதுப் பெயர் வைத்துப் புதுப் பெட்டியில் அடைத்துவிடுவார்கள். என் மகனிடம் ஏற்கெனவே மூன்று இருக்கின்றன. நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு கடையில் நின்றபோது, "வீட்ல இருக்கறதும் இதும் ஒண்ணுதானேடா" என்றேன். "இல்லம்மா, இது வேற" என்று அழாக்குறையாகச் சொன்னான். வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

என் அக்கா இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டாள். வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் கழற்றிப் போட்டு, இதன் கையை அதில் மாட்டி, அதன் காலை இதில் மாட்டி, "இப்ப சொல்லு, எது வேற?" என்று கேட்டிருப்பாள். என்னிடம் அப்படித்தான் கேட்டாள். நான் ஒரு நாள் முழுக்க அழுதேன்.

எங்கள் ஊர் பாபநாசத்திலிருந்து உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. அப்பா நெல் அறுக்கும் மிஷின் ஓட்டினார். நாங்கள் இரண்டு பெண்கள். நான் இரண்டாம் வகுப்பு, அக்கா ஏழாம் வகுப்பு. வாரம் ஒரு நாள் சாயங்காலம் டிவியில் தமிழில் பேசும் ஒரு ராட்சத ரோபோ கார்ட்டூன் வரும். அதற்காகத்தான் நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருவோம். "பொம்பளப் புள்ளைங்க பாக்கற படமா இது?" என்று பெரியம்மா கேட்பார். கேட்டுவிட்டு அவரும் உட்கார்ந்து பார்ப்பார்.

வாராவாரம் ஒரு பூதம் வரும். ரோபோ முதலில் நன்றாக அடிவாங்கும். பிறகு வாளை உயர்த்தும், மின்னல் அடிக்கும், பூதம் வெடித்துச் சிதறும். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அக்காவின் கண்ணோ வேறெங்கேயாவது இருக்கும். ஒரு நாள், "அந்த மேகத்தப் பாருடி" என்றாள். வாளை உயர்த்தும்போது பின்னால் ஆட்டுத் தலை மாதிரி ஒரு மேகம் நின்றது. "போன வாரமும் அங்கதான் இருந்துச்சு. அதுக்கு முந்தின வாரமும். வரஞ்சத எடுத்து வச்சுக்கிட்டு, அதையே திருப்பித் திருப்பிப் போடுறானுங்க." நான் நம்பவில்லை. அடுத்த வாரச் சண்டை ராத்திரியில் நடந்தது. நட்சத்திரமெல்லாம் மின்னியது. ரோபோ வாளை உயர்த்தியதுதான் தாமதம், பட்டப்பகலாகி, ஆட்டுத் தலை மேகமும் வந்து நின்றது. அக்கா தரையில் உருண்டு உருண்டு சிரித்தாள்.

அதன்பிறகு எதற்கெடுத்தாலும் 'அதே மேகம்' எங்களுக்குள் புழங்கும் பேச்சாகிவிட்டது. காலையில் வைத்த சாம்பாரே ராத்திரிக்கும் வந்தால், அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் "அதே மேகம்" என்பாள் அக்கா. கணக்கு டீச்சர் போன வருஷம் சொன்ன ஜோக்கையே இந்த வருஷமும் சொன்னதாக வந்து சொல்வாள். அதுவும் அதே மேகம்தான்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா ஊருக்கு வந்தபோது, ஆளுக்கொரு ரோபோ வாங்கி வந்தார். எனக்குச் சிவப்பு, ஒற்றைக் கொம்பு. அக்காவுக்கு நீலம், இரட்டைக் கொம்பு. ஒரு சாண் உயரம், இடுப்பில் ஒரு வாள். கையும் காலும் உருண்டை மூட்டில் சொருகியிருக்கும். இழுத்தால் 'டக்'கென்று கழன்றுவரும். அப்பாவின் ஸ்பேனர்ப் பையிலிருந்து திருப்புளியை எடுத்து, ஒரு மணி நேரத்தில் இரண்டையும் பாயில் பரப்பிவிட்டாள் அக்கா. கொம்பை எடுத்துவிட்டால் எல்லாம் ஒன்றேதான். முதுகில் அச்சு சேரும் இடத்தில் இருந்த கோடுகூட ஒரே இடத்தில் இருந்தது. "மாமா, ஒங்க காதுல நல்லா பூ சுத்திட்டாங்க" என்றாள். மாமா, "ரெண்டு பேருக்கும் சண்டை வரக் கூடாதுல்ல, அதான்" என்று சமாளித்தார்.

ஒன்றுபோல இருப்பதையும் கண்டுபிடிப்பாள், ஒன்றுபோல இருப்பவற்றில் நம்முடையது எது என்பதையும் கண்டுபிடிப்பாள். அறுப்புக் காலத்தில் சாலையோரம் பத்துப் பன்னிரண்டு மிஷின்கள் ஒரே சிவப்பில் வரிசையாக நிற்கும். பஸ் ஜன்னலிலிருந்தே "அந்தா, அப்பா மிஷின்" என்று கை காட்டுவாள். எப்படித் தெரிகிறது என்று கேட்டால், கதவுக்குக் கீழே ஒரு சொட்டை இருப்பதாகச் சொல்வாள். எனக்கு அந்தச் சொட்டை கடைசிவரை தெரிந்ததே இல்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அக்காவின் இடது முட்டி வீங்கியது. சைக்கிளிலிருந்து விழுந்ததால் என்று நினைத்து எண்ணெய்க் கட்டு போட்டார்கள். வீக்கம் வடியவில்லை. கும்பகோணத்தில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். அங்கிருந்து தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனை செய்து, எலும்பில் புற்று, காலை முட்டிக்கு மேலே எடுத்தாக வேண்டும் என்று அப்பாவிடமும் அம்மாவிடமும் சொன்னார்கள். எடுத்தாலும் உயிருக்கு உறுதி சொல்ல முடியாது, எடுக்காவிட்டால் பிழைக்கவே மாட்டாள் என்றும் சொன்னார்கள்.

பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்தார்கள். கால் போகப்போவது அக்காவுக்குத் தெரியக் கூடாது; ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபிறகு சொல்லிக்கொள்ளலாம். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கு எனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறான். அவனிடம் இதை எந்த வார்த்தையால் சொல்வேன் என்று யோசித்தால் எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும் அப்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. தை மாத அறுப்பில் அப்பா மிஷினை வேறு ஆளிடம் விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தார். அறுப்பு நேரத்தில் அப்பா வீட்டில் இருப்பது எனக்குப் பண்டிகை மாதிரி இருந்தது.

தை பிறப்பதற்கு முன்பே ஒரு நாள் அம்மா எங்கள் இருவரையும் மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப்போனார். கோயில் வாசலில் தட்டில் தகர உருவங்களைக் குவித்து விற்பார்கள். கண் வலிக்குக் கண், கை வலிக்குக் கை; உடம்பில் எது சரியில்லையோ அதன் உருவத்தை வாங்கி உண்டியலில் போட வேண்டும். அம்மா ஒரு காலைப் பொறுக்கினார். அக்கா இன்னொரு காலை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தாள். விளிம்போடு விளிம்பு அச்சாகப் பொருந்தியது.

"இதும் மாமா வாங்கிட்டு வந்த கததான்" என்று என் காதில் சொன்னாள். "எல்லாம் ஒரே அச்சு. எடதா வலதான்னுகூடத் தெரியல. இத்தன காலு உண்டியல்ல கெடந்தா, எது யாரோடதுன்னு அம்மனுக்கு எப்பிடிடி தெரியும்?"

அம்மா காதில் விழுந்துவிட்டது. "சாமிகிட்ட வெளாடாத, வாய மூடு" என்று அதட்டினார். தகரக் காலை அக்காவின் முட்டியைச் சுற்றி உண்டியலில் போட்டுவிட்டு, அந்த இடத்திலேயே நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அக்கா அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்குப் பிறகு அன்று அவள் கேலி எதுவும் பேசவில்லை.

அவள் கேலிக்குத்தான் கேட்டாள். எனக்கோ அது கேலியாகப் படவில்லை. வேறு யாருடைய காலையாவது சரிசெய்துவிட்டு, அக்காவை அம்மன் விட்டுவிட்டால் என்ன செய்வது? பஸ்ஸில் வரும்போதும், சோறு தின்னும்போதும் இதே நினைப்பாக இருந்தது. கடைசியில் விடையைக் கொடுத்தது கார்ட்டூன்தான். அதில் எல்லா ரோபோவும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனாலும் யாருடையது எது என்பதில் குழப்பமே வராது. நிறம்தான் அடையாளம்.

தை பிறந்ததிலிருந்து அக்காவால் காலை ஊன்ற முடியவில்லை. வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் முதலில் அவள் காலைப் பார்ப்பார்கள், பிறகு அம்மாவைப் பார்ப்பார்கள், அப்புறம் அக்காவிடம் திரும்பி, "ஒரு சின்னக் கட்டிதான். அத எடுத்துட்டா சரியாயிடும், பயப்படாத" என்பார்கள். அப்பா அப்படித்தான் சொன்னார். பெரியம்மா அப்படித்தான் சொன்னார். எதிர்வீட்டு அத்தையும் அதையேதான் சொன்னார். சிங்கப்பூரிலிருந்து மாமா போனில் கூப்பிட்டபோது நான் அக்காவின் கட்டிலில், போனுக்குப் பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டிருந்தேன். "ஒரு சின்னக் கட்டிதாம்மா. அத எடுத்துட்டா சரியாயிடும், பயப்படாத" என்றார் மாமா. அக்கா, "சரி மாமா" என்று போனை வைத்தாள்.

பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "அதே மேகம்" என்றாள்.

எதைச் சொல்கிறாள் என்று புரியாமல் நான் எழுந்துபோய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வானத்தில் மேகம் ஒன்றுமில்லை. "எங்கக்கா மேகம்?" என்று கேட்டேன்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அம்மா என்னை மட்டும் அழைத்துக்கொண்டு மறுபடியும் கோயிலுக்குக் கிளம்பினார். கிளம்புமுன் அலமாரியிலிருந்து அக்காவின் நீல ரோபோவை எடுத்து, இடது காலை 'டக்'கென்று கழற்றி, கவுன் பையில் போட்டுக்கொண்டேன். சின்னப் பிள்ளை கையால் போட்டால் பலிக்கும் என்று அம்மா தகரக் காலை என்னிடமே கொடுத்தார். அவர் கண்ணை மூடிக் கும்பிட்ட நேரத்தில் இரண்டையும் உண்டியலில் போட்டேன். 'நீலம் எங்க அக்கா. எடது கால்' என்று அம்மனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அன்றைக்கு இருந்த நிம்மதி எனக்கு இன்றுவரை வேறெந்தக் கோயிலிலும் கிடைத்ததில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு அக்கா ஒன்றரை வருஷம்தான் இருந்தாள். அதில் பாதியை ஆஸ்பத்திரி தின்றுவிட்டது. கட்டைக்கால் வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் பள்ளிக்கூடம்கூடப் போனாள். பிறகு நோய் நெஞ்சுக்குப் போய்விட்டது. அதையெல்லாம் என்னால் எழுத முடியாது. ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின மத்தியானத்தை மட்டும்தான் என்னால் சொல்ல முடியும்.

"என் ரோபோவ எடுத்துட்டு வாடி, கூட எடுத்துட்டுப் போறேன்" என்றாள் அக்கா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் சிவப்பை எடுத்துக்கொண்டுபோய் நீட்டினேன்.

"எனக்கென்ன கலர் தெரியாதா?" என்றாள்.

வேறு வழியில்லாமல் நீலத்தைக் கொண்டுவந்தேன். ஒற்றைக் காலோடு அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "கால் எங்கடி?"

"உண்டியல்ல."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். தகரக் காலெல்லாம் ஒரே அச்சு, அம்மனுக்குக் குழம்பிவிடும், நீலமாக இருந்தால் அக்காவுடையது என்று கண்டுபிடித்துவிடும் என்றேன். தலையில் குட்டு விழப்போகிறது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். விழவில்லை.

"எந்தக் கால போட்ட?"

"எடது."

கொஞ்ச நேரம் அந்த வெற்று மூட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். "சரியாத்தான் போட்டிருக்க" என்றாள். எனக்குப் பாராட்டாகத்தான் கேட்டது. அந்தத் தைரியத்தில் என் சிவப்பின் இடது காலைக் கழற்றி நீட்டினேன். "இத மாட்டிக்கக்கா. ஒரே அச்சுதான, சேரும்."

"வேணாம்டி. ஒன்னோடது ரெண்டு காலோட இருக்கட்டும்." அவளே அதை வாங்கி என் ரோபோவில் திருப்பி மாட்டிக் கொடுத்தாள்.

பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் நீலத்தை நிறுத்திப் பார்த்தாள். விழுந்தது. மறுபடி நிறுத்தினாள். மறுபடி விழுந்தது. முட்டியைக் கொஞ்சம் மடக்கிப் பார்த்தாள். இடுப்பைத் திருப்பிப் பார்த்தாள். கடைசியில் வாளை உருவி இடது கையில் கொடுத்து, அதைக் கம்புபோல ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் அதன்மேல் சாய்த்தாள். கையை மெல்ல எடுத்தாள். ரோபோ ஆடாமல் நின்றது.

"நிக்குது பாரு" என்றாள். நான் கைதட்டினேன்.

அம்மா துணிப்பையோடு உள்ளே வரும் சத்தம் கேட்டது. அக்கா சட்டென்று ரோபோவை எடுத்து மடியில் வைத்து, போர்வையை இழுத்து மூடினாள். அம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்து, அவள் தலையைக் கோதினார். "ஒரு சின்னக் கட்டிதாம்மா. அத எடுத்துட்டா சரியாயிடும், பயப்படாத" என்றார்.

அக்கா அதை முதல்தடவை கேட்பதுபோல அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "எனக்கென்னம்மா பயம்" என்றாள்.

அம்மா போர்வையை மடிக்கக் கையை நீட்டினார். "குளுருதும்மா, இருக்கட்டும்" என்று அக்கா அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். நல்ல வெயில் நேரம். அம்மா கையை எடுத்துக்கொண்டார்.

பொம்மையை உடைத்ததற்கு அம்மாவிடம் எனக்கு அடி விழாமல் அக்கா காப்பாற்றுகிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன். அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும், நன்றியோடு அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவளும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.