சுல்தான் பாயின் கார் செட்

காது மந்தமான மனுஷனுக்குக் காரில் எதற்கு இவ்வளவு பெரிய பாட்டு செட்டு என்று கட்டுமாவடியில் கேட்காத வாய் இல்லை. ஆனால் அவர் முகத்துக்கு நேரே கேட்டவர் ஒருவரும் இல்லை. டீக்கடையில் கேட்பார்கள். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வந்து செருப்பைத் தேடும்போது கேட்பார்கள். மீன் ஏலம் முடிந்து கலையும்போது கேட்பார்கள். அவர் வருவது தெரிந்தால் பேச்சை மாற்றுவார்கள். எப்படியும் அவருக்குக் கேட்காது என்பதால் பல பேர் அந்தச் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்வதில்லை.

முகம்மது சுல்தான் என் பக்கத்து வீட்டுக்காரர். நான் ஐஸ் பிளாண்டில் வேலை பார்க்கிறவன். புதுக்கோட்டையில் எனக்கு ஏதாவது ஜோலி இருந்தால் அவர் வண்டியில் தொற்றிக்கொள்வேன். அவருடைய மகள் இர்ஃபானாவை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், அடிக்கடி போவார். ஓசிச் சவாரிக்குக் கூலியாக வழியெல்லாம் செட்டைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அவர் கதை முழுக்க எனக்குத் தெரியும்.

மீசை முளைத்த கையோடு வளைகுடாவுக்குப் போனவர். ஒரு பெரிய வீட்டில் டிரைவர். முதலாளியின் காரில் இருந்த செட்டு அவ்வளவு நேர்த்தியாம். ஆனால் டிரைவர் அதைத் தொடக்கூடாது. வருஷக்கணக்காக அந்த வண்டியைத் துடைத்தார், ஓட்டினார், ஏர்போர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்தார், செட்டின் பட்டனில் மட்டும் கை வைத்ததில்லை. ஒருநாள் ஏர்போர்ட் பார்க்கிங்கில் முதலாளிக்காகக் காத்துக் கிடந்தபோது சபலம் தட்டிவிட்டது. தன் போனை ஒயரில் சொருகி, மனசுக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றைப் போட்டார். பாட்டு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அன்றைக்கு அதில் புதிதாக ஒன்று கேட்டதாம். இரண்டாவது வரியைத் தொடங்குவதற்கு முன்னால், பாடுகிறவர் மூச்சை இழுக்கும் சத்தம்.

அந்த மூச்சைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பாட்டைக் கேட்டோமா போனோமா என்றில்லாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாரே என்று நினைத்தேன். ஆனால் அவருக்கு அது பெரிய விஷயம். அந்த ஊரில் அத்தனை வருஷத்தில் தனக்கென்று கிடைத்தது அந்த அரை மணி நேரம்தான் என்பார். சொந்தமாக ஒரு வண்டி வாங்கி, அதே பாட்டைப் போட்டு, அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே நம்ம ஊர் ரோட்டில் போக வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான்.

முதலாளி இறந்ததும் பிள்ளைகள் டிரைவரைக் கழற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் கிடைத்தது ஜெனரேட்டர் ஓடும் கூடத்தில் வேலை. வரிசையாக ராட்சச ஜெனரேட்டர்கள், ராப்பகலாக ஓடும். காதுக்கு மாட்டிக்கொள்ள ஏதாவது தருவீர்களா என்று கேட்டதற்கு, பஞ்சு வைத்துக்கொள் என்றார்களாம். வைத்துக்கொண்டார். சில வருஷத்தில் காதுக்குள் ஓயாத இரைச்சல் தொடங்கியது. அங்கிருந்த டாக்டர், இந்த இடத்தை விட்டுப் போய்விடு, மிச்சக் காதாவது மிஞ்சும் என்று சொல்லிவிட்டார்.

ஊருக்கு வந்துவிடட்டுமா என்று வீட்டுக்குக் கேட்டு அனுப்பினார். மனைவி சம்சுன் நிஹாரிடமிருந்து வாய்ஸ் வந்தது. வெளிநாட்டில் இருப்பவருக்கு வாய்ஸ் அனுப்புவது எங்கள் ஊரில் தனி ஆள் செய்கிற காரியம் இல்லை. ஒருவர் போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பேசுவார், மற்றவர்கள் சுற்றி நின்று, இதைச் சொல்லு, அதைக் கேளு என்று தணிந்த குரலில் எடுத்துக் கொடுப்பார்கள். அப்படி வந்த வாய்ஸில், இன்னும் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தால் நல்லது என்று அந்தம்மா சொல்லியிருந்தார்கள். அவளே சொன்னதற்கப்புறம் எனக்கென்ன யோசனை என்று இவரும் இருந்துவிட்டார். அந்த இரண்டு வருஷத்தில் காது முக்கால்வாசி போய்விட்டது. ஊருக்குத் திரும்பினார், கார் வந்தது.

வெள்ளை நிறக் கார். வந்த மறுநாளே போனைச் சேர்த்து அந்தப் பாட்டைப் போட்டிருக்கிறார். பாட்டு கேட்டது, மூச்சு கேட்கவில்லை. கம்பெனி கொடுத்த செட்டு மட்டம் என்று அறந்தாங்கிக்குப் போய் மாற்றினார். கேட்கவில்லை. ப்ளூடூத்தில் போட்டால் சத்தம் இளைத்துவிடும், ஒயர்தான் சரி என்று யாரோ சொல்ல, நல்ல ஒயராகப் பார்த்து வாங்கினார். வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வந்த பாட்டு சக்கைதான், அதில் என்ன இருக்கும் என்று முழுப் பதிவாகத் தேடி இறக்கினார். போனில் சத்தத்தை முழுக்க வைத்துவிட்டு செட்டில் ஏற்ற வேண்டும் என்றார்கள், ஏற்றினார். கதவு அதிர்கிறது என்று கதவைப் பிரித்து உள்ளே கறுப்பு ஷீட் ஒட்டினார். முன்கண்ணாடி ஓரமாக இரண்டு பக்கமும் குட்டி ஸ்பீக்கர் வைத்து அவர் காதைப் பார்க்கத் திருப்பினார்கள். மெல்லிய சத்தமெல்லாம் அதில்தான் வருமாம்.

மூச்சு மட்டும் வரவில்லை என்றார். வந்துகொண்டுதான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, பாடுகிறவர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது.

பொறுக்க மாட்டாமல் ஒருநாள் சொன்னேன். செட்டில் குறை இல்லை பாய், ஒருதரம் காதைக் காட்டிவிட்டு வாருங்கள், மெஷின் ஏதாவது வைத்தால் சரியாகப் போகும் என்றேன். அவருக்கு வந்ததே கோபம். என் காதுக்கு ஒன்றுமில்லை, உனக்கு சவுண்டைப் பற்றி என்ன தெரியும், ஐஸ் உடைக்கிற இடத்தில் இருப்பவன்தானே என்று பொரிந்து தள்ளிவிட்டார். எனக்கும் கோபம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால், செட்டு சரியில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். காது சரியில்லை என்று ஒப்புக்கொண்டால் எதை மாற்றுவது?

வீட்டில் இருப்பவர்களாவது சொல்லியிருக்கலாம். மகன் சல்மான் பட்டம் வாங்கிவிட்டுப் பைக்கில் ஊரைச் சுற்றுகிறவன். அத்தா காசு, அத்தா காது, நமக்கென்ன என்று இருந்துவிட்டான். செட்டு நன்றாக ஆக ஆக அவனுக்குக் கொண்டாட்டம். சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு சிநேகிதர்களோடு மீமிசல் வரைக்கும் போய்வருவான்.

போன மாசம் இர்ஃபானா வீட்டில் விருந்து. பாய் ஓட்ட, நான் முன்சீட்டில், சம்சுன் நிஹாரும் சல்மானும் பின்னால். அன்றைக்கு பாய் குஷியாக இருந்தார். முந்தின நாள்தான் அறந்தாங்கியில் ஏதோ கடைசித் திருத்தம் செய்துகொண்டு வந்திருந்தார். ட்ரெபிளை, அதாவது கீச்சுச் சத்தத்தை, கடைசி வரை ஏற்றி வைத்திருந்ததில் எனக்குப் பல் கூசியது. வல்லத்திராக்கோட்டை நெருங்கும்போது வண்டியை ஒரு மரத்தடியில் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். ஓடுகிற வண்டியில் பாதி சத்தம் ரோட்டுக்கே போய்விடுகிறது, நிறுத்திக் கேட்டால்தான் தெரியும் என்றார். ஏசியையும் அணைத்து, கண்ணாடியையெல்லாம் ஏற்றச் சொன்னார். பாட்டு போட்டார். தலையைச் சாய்த்துக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார்.

பிறகு அவருக்கே ஒரு யோசனை. பாட்டில் இருப்பது முன்னே பின்னே பார்த்திராத ஆள், தெரிந்த குரலாக இருந்தால் சுலபமாகப் பிடிபடும் என்று சொல்லிவிட்டுப் போனில் தேடினார். வளைகுடாவில் இருந்தபோது வீட்டிலிருந்து வந்த வாய்ஸ் ஒன்றைக்கூட அவர் அழிக்கவில்லை. அதில் எத்தனையோ தடவை கேட்டது, இரண்டு வருஷம் இருக்கச் சொன்ன அந்த வாய்ஸ்தான். ஜெனரேட்டர் இரைச்சலுக்கு நடுவில் போனைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்டது. ஒங்க அம்மா கொரலு இதுல எப்படி வருதுன்னு பாரு என்று சல்மானைத் திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டு, சத்தத்தை ஏற்றி, விரலால் தொட்டார்.

நாலு கதவிலிருந்தும் சம்சுன் நிஹார் பேசினார்கள். அந்தம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. நலம் விசாரித்தார்கள். காதைப் பற்றிக் கேட்டார்கள். பிறகு, "ஒடம்பைவிடவா மத்ததெல்லாம், பேசாம வந்துருங்க" என்றார்கள்.

அதற்குப் பின்னால், அந்தம்மா குரலுக்கு அடியில், இன்னொரு குரல். எடுத்துக் கொடுக்கிற குரல். எத்தனை தணித்துப் பேசினாலும் போன் எல்லாவற்றையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும் என்று எங்கள் ஊரில் யாருக்குத் தோன்றியிருக்கிறது? அந்தக் குரல் சல்மானுடையது.

"வரச் சொல்லாதம்மா. இப்ப வந்து இங்க என்ன பண்ணப் போறாரு? இன்னும் ரெண்டு வருஷம் இருந்து கார் வாங்கிட்டு வரட்டும். காதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

அந்தம்மா மூச்சை இழுப்பது சுத்தமாகக் கேட்டது. பிறகு, இல்லைங்க, இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்தா நல்லதுன்னு தோணுது என்று சொன்னார்கள். வாய்ஸ் முடிந்தது.

காருக்குள் இருந்த நாலு பேரில் மூன்று பேருக்குக் கேட்டுவிட்டது. பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். முன்னைவிடத் தேவலை என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். சல்மான் குனிந்து தன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். பாய்க்குக் காதுதான் மந்தம், கண் நன்றாகத் தெரியும். மறுபடியும் போட்டார். காதை அந்தக் குட்டி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"நடுவுல யாரோ பேசுறாப்புல இருக்கே. இவந்தானே? என்னடா சொல்ற?"

சல்மான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தம்மாவிடம் கேட்டார். அவர்கள் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார்கள். மூன்றாம் தடவை போட்டார். தணிந்த குரலில் சொன்ன அந்த வார்த்தைகள் மூன்றாம் தடவையாக எங்கள் தலைமேல் விழுந்தன. கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடலாம் போல எனக்கு இருந்தது. அத்தா, அது பழைய ஆடியோ, சும்மா ஏதோ சத்தம், விடுங்க என்று சல்மான் கையை நீட்டிப் போனைப் பிடுங்க வந்தான்.

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைத் தட்டிவிட்டேன். பாய் என் பக்கம் திரும்பினார்.

"நீயாவது சொல்லு செம்மல். என்னதான் சொல்றான்?"

சொன்னேன். மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காது. ரகசியமாகச் சொன்ன ஒன்றை, அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. ரோட்டில் சைக்கிளில் போன ஒருவர் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். கார் வாங்கிட்டு வரட்டும் என்பதை இரண்டு தடவை கத்தினேன். முதல் தடவை அவருக்குப் புரியவில்லை.

புரிந்ததும் ஸ்டியரிங்கைத் தடவினார். மகனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனைவியைத்தான் கேட்டார், அதுவும் திரும்பிப் பார்க்காமல்.

"ஒன் ஆசைன்னு நெனச்சுல்ல நிஹாரு அங்க கெடந்தேன்."

அந்தம்மா அழுதுகொண்டே என்னென்னவோ சொன்னார்கள். கல்யாணச் செலவு இருந்தது, பையனுக்கு வேலை இல்லை, மனசே இல்லாமல்தான் சொன்னேன் என்றெல்லாம். அத்தனையும் அழுகைக் குரல், அத்தனையும் பின்சீட்டிலிருந்து. அதில் ஒரு வார்த்தைகூட அவருக்குக் கேட்டிருக்காது. எனக்கு அந்தம்மா மேல் இரக்கம் வந்தது, அதைவிட அதிகமாக வெறுப்பும் வந்தது. மறுபடி கத்திச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பாய் இன்ஜினைப் போட்டார். புதுக்கோட்டையில் என் ஜோலியைப் பார்க்க நான் இறங்கிக்கொண்டேன். இர்ஃபானா வீட்டில் அவர் பிரியாணியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்றோடு அவர் காரைத் தொடுவதில்லை. சாவியை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டார். காதைக் காட்டப் போகலாமா என்று நானே இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தேன். இனிமே கேட்டு என்ன ஆகப்போகுது என்றார். புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய்வருகிறார்.

கார் இப்போது சல்மானிடம். என்னமாய்ச் செட்டு போட்டிருக்கிறார் எங்க அத்தா என்று சிநேகிதர்களிடம் பெருமையடித்துக்கொள்கிறான். சாயங்காலமானால் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கடைத்தெருவைச் சுற்றுகிறான். பாய் டீக்கடை பெஞ்சில் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். வண்டி மூன்று தெரு தள்ளி வரும்போதே எங்கள் எல்லோருக்கும் கேட்டுவிடும். நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டு டீயைப் பார்ப்போம். கார் அவர் முதுகை ஒட்டிக் கடந்து போகும். அவர் எதையும் கேட்காமல் டீயை ஆற்றிக்கொண்டிருப்பார்.