ஏற்றத்தில் நின்ற கார்

கோப்பாயில் தியாகராசா மாஸ்டரிடம் கார் பழகாத வீடு குறைவு. வங்கியில் வேலை செய்யும் பெண்கள், விடுமுறைக்கு வந்த வெளிநாட்டுக்காரர், ஓய்வுபெற்ற பிறகு திடீரென்று ஆசை முளைத்த பாடசாலை அதிபர்கள் எல்லோரும் அவருடைய பழைய வெள்ளைக் காரில் வேர்த்து விறுவிறுத்துத்தான் றோட்டுக்கு வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் படிப்பிக்காத மனிதரை ஊர் மாஸ்டர் என்றது. அவர் மறுக்கவில்லை. மறுப்பதென்ன, வீட்டு மதிலிலேயே அப்படி எழுதி வைத்தார்.

ஒரேயொரு சிக்கல், யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. மழை பெய்தால் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் தண்ணீர் முற்றத்திலேயே நிற்கிற ஊர் இது. ஏற்றத்தில் வாகனத்தை நிறுத்தி எடுக்கும் பாடத்தை மாஸ்டர் கோண்டாவில் ரயில் கடவைக்கு முன்னால் உள்ள சின்ன மேட்டில் நடத்துவார். "ஹாண்ட்பிறேக்கை இழு. கிளச்சை மெதுவா விடு. வாகனம் முன்னுக்கு இழுக்கிறது தெரியும். அப்பத்தான் ஹாண்ட்பிறேக்கை விடவேணும்." தனக்குப் பழக்கியவர் சொன்னதை அவர் ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னார். சொன்னது சரிதான். ஆனால் ஐம்பத்துநான்கு வயதுவரை அவர் ஒரு மலையிலும் வாகனம் ஓட்டியதில்லை. கொழும்புவரை வான் கொண்டுபோயிருக்கிறார், அதுவும் சமதரைதான். இதை அவர் யாருக்கும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

அவரிடம் பழகிய நிவேதனாவுக்கு நுவரெலியாப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி வேலை கிடைத்தது. பிரான்ஸில் இருக்கும் தமையன் அவளுக்குப் புதுக் கார் வாங்கிக் கொடுத்திருந்தான். கியர் மாற்றி ஓட்டும் கார். மலைப் பாதையில் தனியே ஓட்ட அவளுக்குப் பயம்.

"மாஸ்டர், நீங்கள் கூட வந்தா எனக்கும் அம்மாவுக்கும் தைரியமா இருக்கும்."

மாஸ்டர் வீட்டு மதிலில் எழுதியிருந்ததை ஒருமுறை பார்த்தார். "அதுக்கென்ன பிள்ளை, வாறன்" என்றார்.

போகும்போது மாஸ்டரே ஓட்டினார். மாத்தளைவரை அவருடைய பேச்சு ஓயவில்லை. கம்பளை தாண்டி ஏறத் தொடங்கியதும் வாய் தானாக மூடிக்கொண்டது. றம்பொடைக்குக் கிட்ட ஒரு வளைவில் முன்னால் போன பஸ் நின்றது, காரும் நின்றது. பின்னால் ஒரு வான் முட்டுமாப்போல் வந்து நின்றது. இடது பக்கம் பள்ளம். பிறேக்கை மிதித்த காலை எடுக்கப் பயந்து மாஸ்டர் கல்லாக இருந்தார். ஹாண்ட்பிறேக் என்று ஒன்று இருப்பதே அந்த நேரத்தில் அவருக்கு மறந்துபோயிற்று. பஸ் நகர்ந்தது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். முருகா என்று காலைத் தூக்கி அக்சிலேற்றருக்குக் கொண்டுபோனார்.

கார் பின்னுக்கு ஒரு விரலளவுகூடப் போகவில்லை. அவர் தடுமாறிக் கிளச்சை விட்டுப் பெற்றோல் கொடுக்கும்வரை அப்படியே நின்றது. பிறகு மெல்ல ஏறியது.

"ஹாண்ட்பிறேக்கும் போடாமல் எடுத்திட்டீங்களே!" என்றாள் நிவேதனா.

"அனுபவம் எண்டாச் சும்மாவே" என்றாள் பின்னால் இருந்த தாய்.

என்ன நடந்ததென்று மாஸ்டருக்கு உண்மையில் விளங்கவில்லை. ஆனால் புகழ்ச்சி இனித்தது. அடுத்த ஏற்றத்தில் துணிந்து அதையே செய்தார். கார் நின்றது. அதற்கடுத்த ஏற்றத்திலும் நின்றது. நுவரெலியா போய்ச் சேர்வதற்குள், எல்லாம் தன்னுடைய கால் பதம்தான் என்று நம்பிவிட்டார். நம்புவதற்கு ஆசையாகவும் இருந்தது.

"ஹாண்ட்பிறேக் எல்லாம் பழகுறாக்களுக்குத்தான், பிள்ளை. கால் பதமா இருந்தா வாகனம் எங்களுக்காகக் காத்துக்கொண்டு நிக்கும்" என்றார்.

ஊருக்குத் திரும்பி வந்தவரைப் பிடிக்க முடியவில்லை. வீட்டு வாசல்களில் படலைக்குப் படலை மலைக் கதைதான். பாடமும் மாறியது. ஹாண்ட்பிறேக் போட்டு எடுப்பது பழைய முறையாம், காலை விறுக்கென்று மாற்றுவதுதான் புது முறையாம். கோண்டாவில் மேட்டில் அவருடைய வெள்ளைக் கார் கொஞ்சம் பின்னுக்குப் போனபோது, டயரில் காற்றுக் குறைவு என்றார். மலை தெரியாத நாங்களும் தலையாட்டினோம்.

அந்த நாட்களில்தான் ஜெயதீபன் அவரைத் தேடி வந்தான். சுன்னாகம் சந்தையில் மொத்த மரக்கறி வியாபாரம் செய்யும் கதிரவேலு முதலாளியின் லொறிச் சாரதி அவன். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், நிதானமானவன். குடாநாட்டுக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தவனை முதல்முறையாக நுவரெலியாவுக்குக் கரட்டும் லீக்ஸும் ஏற்றிவர அனுப்ப இருந்தார்கள்.

"மாஸ்டர், ஏத்தத்திலை நிண்டா என்ன செய்யிறது?"

"பயப்பிடாதை. ஹாண்ட்பிறேக்கோடை மினைக்கெடாதை. பிறேக்கிலை இருந்து காலை எடுத்து நேரை அக்சிலேற்றரிலை வை. அது பின்னுக்குப் போகாது. நான் றம்பொடையிலை செய்தனான்."

ஜெயதீபன் கவனமாகக் கேட்டுக்கொண்டு போனான். சனிக்கிழமை விடியப் பயணம் என்று சொல்லியிருந்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நிவேதனா தொலைபேசியில் எடுத்தாள்.

"மாஸ்டர், ஒரு பகிடி கேளுங்கோ. ஒரு ஏத்தத்திலை காலை எடுத்துப்போட்டுக் கொஞ்சம் யோசிச்சுக்கொண்டு நிண்டிட்டன். கார் பின்னுக்குப் போகத் தொடங்கிட்டுது! பிறேக் பழுது எண்டு கராஜுக்குக் கொண்டுபோனா அவங்கள் சிரிக்கிறாங்கள். ஏத்தத்திலை நிக்கிறது காருக்கே தெரியுமாம். நாங்கள் காலை எடுத்தாலும் அது தானாப் பிறேக்கைப் பிடிச்சு வைச்சிருக்குமாம். ஆனா ரெண்டு மூண்டு செக்கன்தான். அதுக்குள்ளை எஞ்சின் இழுக்கத் தொடங்கினா விட்டுடும், தொடங்காட்டியும் விட்டுடும். ஹில் ஸ்ராட் அசிஸ்ட் எண்டு பேராம். புது வாகனங்களிலைதான் இருக்குமாம். நாங்கள் ரெண்டு பேரும் எங்கடை கெட்டித்தனம் எண்டெல்லோ நினைச்சனாங்கள்!"

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். தொலைபேசியை வைத்த பிறகு அவருடைய முகம், காது எல்லாம் எரிந்தன. பெற்ற பிள்ளைகளுக்கு முன்னால் வேட்டி அவிழ்ந்ததுபோல் இருந்ததாம், பிற்பாடு அவரே சொன்னார். எத்தனை படலையில், எத்தனை பேருக்கு முன்னால் காலைத் தூக்கித் தூக்கிக் காட்டியிருக்கிறார்!

பிறகுதான் ஜெயதீபன் நினைவுக்கு வந்தான். கதிரவேலுவின் லொறி பழையது. அது யாருக்காகவும் காத்துக்கொண்டு நிற்காது.

உடனே அவனுக்குத் தொலைபேசி எடுத்தார். அவன் "சொல்லுங்கோ மாஸ்டர்" என்றான். பின்னால் அவனுடைய பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"சாப்பிட்டியோ?" என்று கேட்டார் மாஸ்டர்.

"ஓம், இப்பத்தான். ஏன் மாஸ்டர்?"

"சும்மாதான். கவனமாப் போட்டு வா."

இந்த இடத்தில் எனக்கு அந்த மனிதர்மேல் பொல்லாத கோபம் வருகிறது. ஒரேயொரு வசனம். நான் சொன்னது பிழை, ஹாண்ட்பிறேக்கைப் போடு. ஒரு மூச்சில் சொல்லி முடிக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் அவன் ஏன் என்று கேட்பான். காரணத்தைச் சொன்னால் அவன் சிரிப்பான், மறுநாள் சுன்னாகம் சந்தையே சிரிக்கும். லொறிக்காரன்தானே, அவனுக்குத் தெரியாதா, தேவைப்பட்டால் போடுவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மாஸ்டர் படுக்கப் போனார்.

போகும்போது லொறி ஏற்றத்தில் எங்கும் நிற்கவேண்டி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மலையில் ஒரு கடைத்தெரு ஏற்றத்தில், லொறி நிறைந்த பாரத்தோடு ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நின்றது. பஸ் எடுத்ததும் ஜெயதீபன் மாஸ்டர் சொன்னபடியே காலை மாற்றினான். லொறி அந்தக் கணமே பின்னுக்கு உருண்டது, எஞ்சின் நின்றுபோனது. அவன் திரும்பப் பிறேக்கை மிதிப்பதற்குள் பின்னால் நின்ற ஓட்டோ நசுங்கிவிட்டது. ஓட்டோக்காரரின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. உயிர் தப்பியது பெரிய காரியம் என்றார்கள்.

பொலிஸ், ஆஸ்பத்திரி எல்லாம் அலைந்து ஜெயதீபன் செவ்வாய்க்கிழமை ஊர் வந்தான். நித்திரை தூங்கிக்கொண்டு ஓடியிருக்கிறான் என்று சொல்லி முதலாளி லொறித் திறப்பை வாங்கி வைத்துக்கொண்டார். சாவி இல்லாத சாரதிக்கு வேலையும் இல்லை. அவன் நேரே மாஸ்டர் வீட்டுக்கு வந்தான். சண்டைக்கு வருகிறான் என்றுதான் மாஸ்டர் நினைத்தார். வந்தால் நல்லது என்றுகூட நினைத்தார்.

அவன் கதிரையின் விளிம்பில் இருந்தான். "மாஸ்டர், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் வடிவாத்தான் சொல்லித் தந்தனீங்கள். நான்தான் காலை மாத்தப் பிந்திட்டன். உங்கடை பேரையும் கெடுத்திட்டன். இனி நான் லொறி தொடமாட்டன். எனக்கு உது சரிவராது."

மாஸ்டரால் அவனுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. நிலத்தைப் பார்த்தபடியே சொன்னார். றம்பொடையில் பயந்து போயிருந்ததையும் கார் தானே நின்றதையும் சொன்னார். லொறி நிற்காது என்பதையும் சொன்னார். ஜெயதீபன் கதிரையில் நிமிர்ந்தான்.

"உங்களுக்கு இது எப்ப தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

"எனக்குக் கோல் எடுக்க முதலோ, பிறகோ?"

"முதல்."

ஜெயதீபன் எழும்பினான். "முதலாளியிட்டை வந்து சொல்லுங்கோ" என்றான். குரலை உயர்த்தவில்லை.

சந்தையில் கதிரவேலு முதலாளி மாஸ்டரைக் கண்டதும் எழுந்து கதிரை போட்டார். மாஸ்டர் இருக்கவில்லை. மூட்டை தூக்குகிறவர்களும் சாமான் வாங்க வந்தவர்களும் பார்த்துக்கொண்டு நிற்க, பிழை தன்னுடையது என்று எல்லாவற்றையும் சொன்னார்.

முதலாளி அவருடைய தோளில் கையை வைத்தார். "மாஸ்டர், உங்கடை நல்ல மனம் ஊருக்கே தெரியும். என்ரை மகளுக்கும் நீங்கள்தானே பழக்கினனீங்கள். உவனைக் காப்பாத்த உங்கடை பேரைப் பழுதாக்காதேங்கோ. எத்தினை வருச அனுபவம் உங்களுக்கு! நீங்கள் பிழையாச் சொல்லிக் குடுப்பீங்களே?"

சுற்றி நின்றவர்களும் ஓம், ஓம் என்றார்கள். "இப்படியும் ஒரு மனுசன்" என்று யாரோ சொன்னது கேட்டது. ஜெயதீபன் மாஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நேரத்தில் நிலம் பிளந்து தன்னை விழுங்காதா என்று இருந்தது தியாகராசாவுக்கு. வீட்டில் சொன்னபோது பட்ட வெட்கம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இப்படியே கும்பிட்டுவிட்டுப் போனால் அவருடைய பேர் முன்பைவிட உயர்ந்து நிற்கும்.

அவர் தொலைபேசியை எடுத்து நிவேதனாவை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார்.

"பிள்ளை, உன்ரை கார் ஏத்தத்திலை தானா நிண்ட கதையை ஒருக்காச் சொல்லு. இஞ்சை ஆக்கள் கேக்கினம். எனக்கு எப்ப சொன்னனீ எண்டதையும் சொல்லு."

அவள் சிரித்துச் சிரித்து முழுவதையும் சொன்னாள். கராஜில் சொன்னதை, தாங்கள் இருவரும் ஏமாந்ததை, ஒன்றும் விடாமல் சொன்னாள். "வெள்ளிக்கிழமை பின்னேரம்தானே மாஸ்டர் உங்களுக்குச் சொன்னனான், மறந்துபோனீங்களே?" என்று கேட்டாள்.

லொறி சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டது முதலாளிக்குத் தெரியும். அவர் மாஸ்டரின் தோளிலிருந்து கையை எடுத்தார். மேசை லாச்சியைத் திறந்து, லொறித் திறப்பை எடுத்து ஜெயதீபனிடம் நீட்டினார்.

"மாஸ்டர்? கேக்குதோ? அங்கை ஏன் ஒருத்தரும் சிரிக்கேல்லை?" என்று நிவேதனா கேட்டுக்கொண்டிருந்தாள்.