ஆவணியில் அடித்த வெள்ளை

வெள்ளையடிப்பது என்றால் எட்டு வயதில் எனக்குப் பொங்கல் என்றுதான் அர்த்தம். வேறு அர்த்தங்களும் உண்டு என்பதை மயிலாப்பூரில் எங்கள் காம்பவுண்டுச் சுவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

நாற்பத்திரண்டு ஆவணி. விடிந்து பார்த்தால் சுவரில் காவியால் 'வெள்ளையனே வெளியேறு' என்று கொட்டை எழுத்து. எழுதியது அப்பாவின் தங்கை, இன்டர் படித்துக்கொண்டிருந்த என் அத்தை. அந்தக் காலத்து 'ளை'க்கு இருந்த தும்பிக்கையை அவள்தான் அப்படிச் சுழிப்பாள். அப்பாவுக்கோ சர்க்கார் உத்தியோகம்.

"உடனே பூசி மெழுகியாகணும். போலீஸ் கண்ணுல பட்டா எனக்கு வேலை போயிடும், இவ ஜெயிலுக்குப் போவா" என்றார்.

அம்மா சுண்ணாம்பு கரைத்தாள். நானும் பூசுகிற மட்டை ஒன்றை எடுத்துக்கொண்டேன். எழுத்தை மட்டும் மறைத்தால் அழுக்குச் சுவரில் அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்று முழுச் சுவரையும் அடித்தோம். காவி லேசில் விடுமா? ரோஸ் நிறத்தில் எட்டி எட்டிப் பார்த்தது. மூன்று பூச்சு ஆயிற்று. என் விரலெல்லாம் வெந்துபோயிற்று. என் அத்தையை யாரும் பிடித்துக்கொண்டு போகக் கூடாது, அவ்வளவுதான். அத்தை மட்டும் வெளியே வரவில்லை. தான் எழுதியதைத் தானே அழிக்க மாட்டாளாம்.

பத்து மணிக்கு ரோந்து வந்த ஏட்டு சைக்கிளை நிறுத்தினார்.

"இன்னா சார், பொங்கலுக்கு எத்தினி மாசம் கீது, இப்பவே சுண்ணாம்பு அடிச்சிகினு கீறீங்க?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன்.

"அத்தைக்குக் கல்யாணம்" என்றேன்.

"ஆமா, இந்த மாசமே முகூர்த்தம்" என்று அப்பா பிடித்துக்கொண்டார்.

"அப்ப பத்திரிகை குடுங்க சார். கண்டிப்பா வர்றேன்" என்றார் ஏட்டு, சுவரையே பார்த்தபடி.

அன்று மாலையே அப்பா ஜாதகத்தோடு கிளம்பிவிட்டார். முன்பு வேண்டாமென்று சொல்லியிருந்த தஞ்சாவூர் வரனே முடிவாயிற்று. இரண்டாம் தாரம். அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்பாவும் அசைந்துகொடுக்கவில்லை.

ஆவணி முடிவதற்குள் தாலி ஏறிவிட்டது. ஏட்டு வந்து வயிறாரச் சாப்பிட்டுப் போனார். எனக்குப் பட்டுப்பாவாடை கிடைத்தது.

எழும்பூர் ஸ்டேஷனில் வண்டி புறப்படுமுன் ஜன்னல் வழியாக அத்தையின் காதில், "நான் பொய் சொன்னதாலதானே நீ தப்பிச்சே?" என்று பெருமையாகக் கேட்டேன்.

அத்தை என் கன்னத்தைத் தடவினாள். "ஆமாண்டி, உன்னாலதான்" என்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. புக்ககம் போகிற பெண்கள் எல்லோரும் அழத்தான் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டு, வண்டி மறையும்வரை கையை ஆட்டினேன்.