ஐஸ் கரைந்த வகுப்பு

நேற்று எதிர்வீட்டு விசேஷத்துக்கு வந்த பெஞ்சுகளைத் தரையில் தரதரவென்று இழுத்தார்கள். பழைய பழக்கம், எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டேன். சிரிக்காதீர்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் சின்ன வாத்தியார். சாந்தி மேடத்தின் இயற்பியல் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எந்தப் பிள்ளை எப்படிப் படித்துத் தேறுகிறது என்று கவனிப்பது எனக்குக் கொடுத்த வேலை. மேடம் நோட்ஸ் சொல்லமாட்டார். ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு, "பெஞ்சத் திருப்புங்கப்பா, பேசி முடிவுக்கு வாங்க" என்பார். அப்புறம் சந்தைக்கடைதான். பக்கத்து வகுப்புக்காரர்கள் பிரின்சிபாலிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

"பேசித்தான் படிக்கிறாங்களாக்கும்? நானே வந்து பாக்குறேன். இல்லேன்னா வேற ஆளப் போட்டுக்கிறேன்" என்றுவிட்டார் அவர். மேடத்துக்கோ தற்காலிக வேலை.

சொன்னபடி வந்த பிரின்சிபால் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மேடம், ஜிகர்தண்டாக் கடையில் வாங்கிய ஐஸ் கட்டியை டம்ளரில் மிதக்கவிட்டு, விளிம்புவரை தண்ணீர் ஊற்றினார். "ஐஸ் கரைஞ்சா தண்ணி வழியுமா?"

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பாவிப் பயல்கள், கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்! சத்தம் போட்டால் மேடத்துக்கு வேலை போய்விடும் என்று தங்களுக்குள் பேசிவைத்திருந்தார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மேடத்தின் முகம் வெளிறிவிட்டது. பேசித் தொலைங்கடா என்று கத்தலாம் போல இருந்தது எனக்கு. கவனிக்க வந்தவன் கத்தக்கூடாதே.

பிரின்சிபால் வரலாறு படித்தவர். பொறுமை போய், "வழியும்ல?" என்றார்.

வாடிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிற செல்வி வெடுக்கென்று திரும்பினாள். "எப்படி சார் வழியும்?"

போச்சுடா என்று நினைத்தேன்.

"இம்புட்டு ஐஸ் மேல நீட்டிக்கிட்டு இருக்குல்ல, அது எங்கம்மா போகும்?" என்றார் அவர்.

"சார் சொல்றதுதான் சரி மாப்ள" என்று ஒருத்தன் கிளம்ப, "போடா, கரைஞ்சா சுருங்கும்டா, முங்கியிருக்க எடத்துக்குத்தான் சரியா வரும்" என்று இன்னொருத்தன். அவ்வளவுதான், பெஞ்சுகள் தரதரவென்று திரும்பின.

ஐஸ் கரைந்து முடிந்தபோது பிரின்சிபால் குனிந்து டம்ளர் விளிம்பில் கண்ணை வைத்துப் பார்த்தார். தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்றது. வாசல்வரை போய்த் திரும்பி, "கதவச் சாத்திக்கிட்டு நடத்துங்கம்மா. காது கிழியுது" என்றார். மேடம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. அந்த வருஷம் அதிகம் சண்டை போட்ட பிள்ளைகளே நன்றாகத் தேறினார்கள். நான் கவனித்துக் கண்டது அம்புட்டுத்தான்.

போன மாதம் அந்த வகுப்பறைப் பக்கம் போனேன். நாற்காலிகளைத் தரையோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறார்கள். திரையில் பாடம் ஓடுகிறது, பிள்ளைகள் அதைப் போனில் படம் பிடித்துக்கொள்கிறார்கள். வகுப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. கதவு திறந்தே கிடந்தது.