ஹாரன் இல்லாமல் ஏறிய மலை

மகளுக்குப் பிரசவ வலி. குன்னூரிலிருந்து ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், சீசன் நெரிசலில் எஞ்சின் சூடேறி முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி, காரைக் கண்டபடி திட்டினேன்.

"ஏனுங்க, திட்டினா சூடு எறங்குமா?" என்றாள் மனைவி.

ஏசியைப் போட்டால் ரேடியேட்டர் ஃபேனும் கூடவே சுற்ற வேண்டும்; போட்டுப் பார்த்தேன். ஃபேன் அசையவில்லை. இந்தக் குளிரில் யார் ஏசி போடுகிறார்கள்? அது எப்போது நின்றதோ! ஃபியூஸ் நன்றாக இருந்தது. அப்படியானால் ஃபேனுக்குக் கரண்ட் விடும் ரிலேதான். ஹாரனுக்கும் அதே மாதிரி ரிலே. அதைப் பிடுங்கி ஃபேன் ரிலே இருந்த இடத்தில் செருகினேன். சுற்றியது!

சூடு இறங்கியதும் கிளம்பினோம். ஹாரன் இல்லாததால், வளைவுக்கு வளைவு மனைவி தலையை நீட்டி, "வர்றோமுங்க, வழி விடுங்க!" என்று கத்தினாள்.

"நான் கத்த வேண்டியதையும் நீயே கத்தறயேம்மா" என்றாள் மகள், வலியோடு சிரித்து.

பேத்தியின் அழுகை கேட்டதும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். வழியெல்லாம் நான் கோபப்படவில்லை, பயந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.