மெல்லிய தாளும் பெயிண்டரின் முதுகும்

டிரைவரம்மாவுக்குப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுவது பிழைப்பு. துண்டுத்துணி சேர்த்துப் போர்வை தைப்பது உயிர். அதிலும் தாள் வைத்துத் தைக்கும் முறைதான் பிடிக்கும். தாளில் நட்சத்திரத்தை வரைந்து, அடியில் துணியை வைத்து, கோட்டின் மேலேயே மெஷினை ஓட்டவேண்டும். அப்போதுதான் முனைகள் ஊசிபோல் வந்து சேரும். எல்லாம் முடிந்ததும் தாளைக் கிழித்து எடுத்துவிடவேண்டும். அங்கேதான் வில்லங்கம்.

தைக்கும்போது தாள் கிழியக்கூடாது. எடுக்கும்போது கிழியமாட்டேன் என்று அடம்பிடிக்கவும் கூடாது. இரண்டு குணமும் உள்ள தாளைத் தேடுவது நல்ல வாடகை வீடு தேடுவதைவிடக் கஷ்டம் என்பது அவர் கட்சி. ஆபீஸ் தாள் தடிமன். இழுத்தால் தையலும் கூடவே வந்தது. செய்தித்தாள் நன்றாகத்தான் கிழிந்தது, ஆனால் வெள்ளைத் துணியில் யாரோ ஒரு மந்திரியின் மூக்கு கறுப்பாகப் பதிந்துவிட்டது. பட்டர் பேப்பரோ பென்சிலை மதிக்கவில்லை. மெஷினுக்கடியில் வழுக்கிக்கொண்டு தன் போக்கில் போனது.

இந்தச் சமயம் பார்த்துப் பெயிண்டருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பெயிண்டர் என்பவர் டிரைவரம்மாவின் வீட்டுக்காரர். ஏணியில் நின்றபடி கூரை மூலைக்கு எட்டியவர், கேள்விக்குறிபோல் வளைந்துதான் கீழே இறங்கினார். டிரைவரம்மா அவரைக் கைத்தாங்கலாகக் கிளினிக்குக்கு அழைத்துப்போனார்.

டாக்டர் அவரைக் கட்டிலில் குப்புறப் படுக்கச் சொன்னார். கட்டில்மேல் நீளமாக வெள்ளைத் தாள் விரித்திருந்தது; மிச்சம் தலைமாட்டில் உருளையாகச் சுற்றிக்கிடந்தது. டாக்டர் முதுகெலும்பை அழுத்திக்கொண்டே வர, பெயிண்டர் முனகிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்ற டிரைவரம்மாவின் விரல்கள் தாமாகவே தாளின் ஓரத்துக்குப் போயின. ஒரு முனையை மடித்து, நகத்தால் கீறி, மெதுவாக இழுத்தார். தாள் சொன்ன பேச்சைக் கேட்டு, மடிப்போடு அழகாகப் பிரிந்து வந்தது.

"இப்ப எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு டாக்டர். மெல்லிசு, ஆனா உறுதி," என்றார் டிரைவரம்மா.

"வலி எனக்கு," என்று தலையணைக்குள்ளிருந்து பெயிண்டரின் குரல் வந்தது.

டாக்டர் கையை எடுத்துவிட்டு இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். டிரைவரம்மா அசடு வழிய விஷயத்தைச் சொன்னார். நர்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு உருளையை எடுத்து வந்தார்.

"ஓரம் நனைஞ்சுபோச்சு. தூக்கிப் போடத்தான் வெச்சிருந்தேன். எடுத்துக்கோங்கக்கா."

பெயிண்டருக்குக் கிடைத்தது மாத்திரையும், ஒரு வாரம் படுக்கையும். வீடு திரும்பும்போது டிரைவரம்மாவின் ஒரு கையில் கணவர், மறுகையில் உருளை. எதைப் பத்திரமாகப் பிடித்திருந்தார் என்பதில் பெயிண்டருக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

தாள் சொக்கத்தங்கம். கண்ணாடிபோல் கீழே உள்ள படம் தெரிந்தது. பென்சிலால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நட்சத்திரங்கள் மளமளவென்று வந்தன. தொல்லை வேறு பக்கமிருந்து வந்தது. படுத்துக்கிடந்த பெயிண்டர் நிமிஷத்துக்கு ஒருமுறை குரல் கொடுத்தார். ஜன்னலைத் திற, ஜன்னலை மூடு, ரேடியோ கரகரங்குது பாரு.

டிரைவரம்மா ஏற்கெனவே சேர்த்துத் தைத்துவிட்ட நாலைந்து நட்சத்திரங்களை அவர் நெஞ்சின்மேல் போட்டார். "சும்மாதானே கிடக்கறீங்க. பின்னாடி இருக்கற தாளைக் கிழிங்க. தையலைக் கட்டைவிரலால அமுக்கிப் பிடிச்சுக்கணும். மூலையில மாட்டினா பிடிச்சு இழுக்க இந்தாங்க, சாமணம்."

சுவரில் பழைய பெயிண்டைச் சுரண்டிப் பழகிய கை. இரண்டாவது நட்சத்திரத்திலேயே சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. வீடு அமைதியாகிவிட்டது. அந்த நிம்மதியில் டிரைவரம்மா மதிய நடைக்குப் பஸ்ஸை எடுக்கக் கிளம்பிவிட்டார். மேஜைமேல் இருந்த மற்ற நட்சத்திரங்கள் இன்னும் ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்காதவை, அவற்றைத் தொடக்கூடாது என்று சொல்ல மறந்துபோனார்.

திரும்பி வந்தபோது தரை முழுக்கத் தாள் துணுக்கு. மேஜை காலி. எல்லா நட்சத்திரங்களும் தாளில்லாமல் பெயிண்டரின் வயிற்றின்மேல் அடுக்கியிருந்தன.

"எல்லாத்தையுமா எடுத்தீங்க?"

"ஒண்ணு பாக்கியில்ல," என்றார் பெருமையாக.

டிரைவரம்மா பொத்தென்று கட்டிலில் உட்கார்ந்தார். "பக்கத்து நட்சத்திரத்தோட சேர்க்கற வரைக்கும் தாள் இருக்கணுங்க. அதுதான் ஓரத்தைப் பிடிச்சு வெச்சிருக்கு. இப்ப பாருங்க." ஒன்றைத் தூக்கிக் காட்டினார். சாய்வாக வெட்டிய துணி. கை பட்டுப்பட்டு ஓரம் அப்பளம்போல் நெளிந்திருந்தது.

பெயிண்டரின் முகம் சுருங்கிவிட்டது. "நீ வந்து பாத்தா சந்தோஷப்படுவேன்னு நினைச்சேன்."

திட்ட வாயெடுத்தவர் அவரைப் பார்த்தார். மீசையில் தாள், காதோரம் தாள், சட்டைக் காலரில் தாள். வாய்க்கு வந்த திட்டு பாதி வழியில் சிரிப்பாக மாறிவிட்டது.

வார இறுதி முழுக்க இஸ்திரிப்பெட்டியும் குண்டூசியுமாகப் போராடி ஓரங்களை வழிக்குக் கொண்டுவந்தார். எல்லாம் அடங்கின, ஒன்றைத் தவிர. அது கடைசி வரிசையில் தள்ளாடிக்கொண்டுதான் நின்றது. பிரித்துவிடலாமா என்று டிரைவரம்மா யோசித்தார். "வேண்டாம், அது என்னோடது," என்று பெயிண்டர் சொல்லிவிட்டார்.

முதுகு சரியாகி அவர் மறுபடி ஏணி ஏறியாயிற்று. ஆனால் சாயங்காலம் வந்ததும் கையிலிருக்கும் பெயிண்டைக் கழுவிவிட்டு, மெஷின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொள்கிறார்.

"தையலை இன்னும் கொஞ்சம் நெருக்கமா போடு, அப்பதான் தாள் சுலபமா கிழியும். நேத்து ஒரு மூலை வரவே மாட்டேன்னுடுச்சு."

"சரிங்க முதலாளி," என்று டிரைவரம்மா மெஷினில் தையல் நீளத்துக்கான திருகை ஒரு கோடு குறைத்து வைத்தார்.