மாறிக்கோ மோனே

அவருடைய கழுத்து தோளுக்குள் புதைந்திருக்கும். கொச்சி மட்டாஞ்சேரியில் காலமெல்லாம் மிளகு மூட்டை சுமந்து ஓய்ந்தவர். இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, மூட்டையைப் பிடித்தபடிதான் நடப்பார், மூட்டைதான் இருக்காது.

நான் வரைந்த பாலத்தைப் பார்த்து, கம்பளிப்பூச்சியா என்று வாத்தியார் கேட்ட வருஷம் அது. இன்ஜினீயரிங்கை விட்டுச் சரித்திரத்துக்கு மாறுவதா என்று மறுநாள் கல்லூரியில் சொல்லியாக வேண்டும். படகுத்துறைப் பலகையில் நின்று முணுமுணுத்தேன்: “மாறலாமா?”

“மாறிக்கோ மோனே,” என்றது பின்னால் அவர் குரல்.

மலையாளத்தில் அது ‘வழி விடு, மகனே’. என் தமிழ்க் காதுக்கு அருள்வாக்கு.

“அப்பா கொன்னுடுவாரே, சேட்டா?”

“பாரமுண்டு. மாறிக்கோ.”

ஒதுங்கினேன். தூக்கிய வெறுங்கைகளோடு அவர் தாண்டியபோது பலகை முனகிக்கொண்டு தண்ணீர்வரை வளைந்தது. மிளகு நெடியில் தும்மினேன்.

மறுநாள் மாறிவிட்டேன். இன்ஜினீயராகியிருந்தால், பலகை ஏன் வளைந்தது என்று கணக்குப் போட்டிருப்பேன். சரித்திரக்காரனுக்கு, வளைந்தது என்று மட்டும்தான் சொல்லத் தெரியும்.